‘கல்ட் கிளாசிக்’ படம் என்றால் என்ன? ஓடாத படத்தை 20 வருஷம் கழித்து ஏன் கொண்டாடுகிறோம்?

"இந்தப் படத்தை நாம அப்போவே கொண்டாடத் தவறிட்டோம்."

இந்த வரியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? ‘அன்பே சிவம்’ தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுதுவார். ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘ஆரண்ய காண்டம்’, ‘புதுப்பேட்டை’ என்று பட்டியல் நீளும். அதற்குக் கீழே இன்னொருவர், "கல்ட் படம் ப்ரோ" என்று முடித்து வைப்பார்.

இப்போதெல்லாம் இந்தச் சொல் கொஞ்சம் மலிந்துவிட்டது. படம் வெளியாவதற்கு முன்பே, பாடல் வெளியீட்டு மேடையில் நின்று "இது ஒரு கல்ட் படமா அமையும்" என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

‘கல்ட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வழிபாடு என்று பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஊரே கூடிக் கும்பிடும் பெரிய கோயில் அல்ல இது. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் தீவிரமாகக் கும்பிடும் குலசாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்தச் சாமி பெயர்கூடத் தெரியாது. ஆனால் கும்பிடுகிறவர்கள் வருஷம் தவறாமல் போவார்கள்.

சினிமாவில் இது ஒரு பழக்கமாக உருவானது அமெரிக்காவில், 1970-களில். நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கம் 1970 இறுதியில் ‘எல் டோப்போ’ என்ற விசித்திரமான படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தது. விளம்பரம் பெரிதாக இல்லை. வாய்வழியாகவே கூட்டம் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய கதை ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’. 1975-ல் வெளியானபோது படம் ஓடல. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கம் அதை நள்ளிரவில் திரையிட்டது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். கதாபாத்திரங்களைப் போல உடை போட்டு வந்தார்கள். திரையில் கல்யாணம் நடந்தால் இங்கே அரிசியைத் தூவினார்கள், வசனத்துக்குப் பதில் வசனம் கத்தினார்கள். இன்றைக்கும் உலகின் பல நகரங்களில் அந்தப் படம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இதைத்தானே நாங்க முதல் நாள் முதல் காட்சியில செய்யறோம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேங்காய் உடைப்பதும் காகிதம் தூவுவதும் நமக்குப் புதுசு இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். நாம் அதை நட்சத்திரத்துக்காக, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே செய்கிறோம். அவர்கள் படத்துக்காக, நாற்பதாவது தடவை பார்க்கும்போது செய்கிறார்கள்.

பெரிய வெற்றிப் படம் கல்ட் படம் ஆகாதா?

ஆகலாம், ஆனால் அது வேறு வகை. ‘கபாலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலையில் வெளியானபோது கிள்ளான் பள்ளத்தாக்கே திருவிழாவாக இருந்தது. நம் ஊர்க் கதை, நம் ஊரில் எடுத்த காட்சிகள், மலாய் மொழியில் குரல் சேர்த்த ஒரு பதிப்பு வேறு. (மலேசியாவில் ஓடிய பதிப்பின் முடிவில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஓர் எழுத்துக் குறிப்பு போட்டார்கள், ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அந்தக் குறிப்பு கிடையாது.) ஆனாலும் ‘கபாலி’யை யாரும் கல்ட் என்று சொல்வதில்லை. அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. விமானத்தின் மீதே அதன் படம் ஒட்டியிருந்தது.

கல்ட் படத்துக்கு ஒரு ‘கண்டுபிடித்தவன்’ வேண்டும். "நீ இன்னும் அதைப் பார்க்கலயா? இரு, நான் காட்டுறேன்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலி அறுபடாமல் ஓடினால்தான் கல்ட்.

‘அன்பே சிவம்’: ஒரு பொங்கலில் தோற்ற படம்

2003 பொங்கலுக்கு விக்ரம் நடித்த ‘தூள்’ வந்தது. அதே பொங்கலுக்கு சுந்தர் சி இயக்கத்தில், கமல்ஹாசன் எழுதி, மாதவனுடன் சேர்ந்து நடித்த ‘அன்பே சிவம்’ வந்தது. எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

பண்டமாரானில் நான் வளர்ந்த தாமானில் அப்போது எல்லார் வீட்டிலும் விசிடி ப்ளேயர்தான். பாசார் மாலாமில் படம் வாங்குவோம் (அசலா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை). ‘தூள்’ தெரு முழுக்கச் சுற்றி, தேய்ந்து திரும்பி வந்தது. ‘அன்பே சிவம்’ மூன்று டிஸ்க். மூன்றாவது டிஸ்க்கில் ஒரு கீறல். நல்லசிவமும் அன்பரசுவும் ஒருவழியாகச் சென்னை வந்து சேர்வார்கள், அதோடு படம் உறைந்து நின்றுவிடும். எனக்கு அந்தப் படத்தின் முடிவு தெரிய இன்னும் சில வருஷம் ஆனது, தொலைக்காட்சியில் போட்டபோதுதான் பார்த்தேன். தேம்பி அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஏன் அது தோற்றது? பொங்கல் நேரத்தில் மக்கள் எதிர்பார்க்கும் படம் அதுவல்ல. கதாநாயகன் முகத்தில் தழும்பு, சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு கம்யூனிஸ்டும் ஒரு விளம்பரப் பட இயக்குநரும் மழை வெள்ளத்தில் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறார்கள். கடவுள் எங்கே இருக்கிறார் என்று வாதம். பண்டிகைக் கூட்டத்துக்கு அது பாரமாகத் தெரிந்தது.

பிறகு என்ன ஆனது? அந்தப் படத்தில் ‘சுனாமி’ என்ற சொல் வருகிறது. 2003 ஜனவரியில் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாத சொல். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் நம் பினாங்கு, கெடா கரையோரங்களிலும் அது என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல் வேறு மாதிரி ஒலித்தது. பேரிடர், உதவி, முகம் தெரியாத மனிதர்மேல் அன்பு என்று படம் பேசிய விஷயங்களும் அப்படித்தான்.

இதைக் கவனியுங்கள். படம் மாறவில்லை. ஒரு காட்சிகூட மாறவில்லை. பார்க்கிறவர்களின் வாழ்க்கைதான் மாறியது.

‘ஆயிரத்தில் ஒருவன்’: காலம் ஏற்றிய அர்த்தம்

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். (1965-ல் வந்த எம்ஜிஆர் படத்துக்கும் இதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன். முதல் பாதி சாகசப் படம். இரண்டாம் பாதியில், வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றில் பஞ்சத்தில் வாடும் சோழர் கூட்டம், தூதன் வருவான், தாயகம் திரும்பலாம் என்று காத்திருக்கிறது. நமக்கே பாதி புரியாத பழந்தமிழில் பேசுகிறார்கள்.

வெளியானபோது விமர்சனங்கள் இரண்டு பக்கமும் வந்தன. "இரண்டாம் பாதி புரியல" என்பதுதான் பரவலான பேச்சு. போட்ட பணம் பெரிது என்று செய்தி, அதனால் தோல்வியும் பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் செலவு 18 கோடி ரூபாய்தான், பிரம்மாண்டம் காட்டுவதற்காக 32 கோடி என்று அறிவித்தோம் என்று செல்வராகவனே 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். 18 கோடி படத்துக்குச் சரியாக இருந்த வசூல், 32 கோடி என்று அறிவித்ததால் தோல்வி போல ஆனது என்பது அவருடைய வருத்தம்.

ஆனால் இன்னொரு பக்கம் யோசியுங்கள். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. எட்டே மாதத்தில், கடல் சூழ்ந்த இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ்க் கூட்டம் ராணுவத்தால் அழிக்கப்படுவதைத் திரையில் காட்டியது இந்தப் படம். முதல் வாரம் சாகசப் படம் பார்க்கப் போனவர்களுக்கு அது தோன்றியிருக்காது. பின்னால் நிதானமாகப் பார்த்தவர்கள் அதை அப்படித்தான் வாசித்தார்கள். அப்படி வாசித்தவுடன் இரண்டாம் பாதி புரிந்துவிட்டது.

மலேசியாவில் இதற்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு என்று நினைக்கிறேன். கடாரம், பூஜாங் பள்ளத்தாக்கு, 1025-ல் வந்த ராஜேந்திர சோழன் என்று தமிழ்ப்பள்ளிக் காலத்தில் இருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல் கடந்து வந்து, திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்ட சோழர் கதை நமக்கு வெறும் கற்பனையாகத் தெரிவதில்லை.

2021 டிசம்பர் 31-ஆம் தேதி இந்தப் படம் தமிழ்நாட்டில் மறுபடி வெளியானது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் முகம் சுளித்த அதே தியேட்டர்களில் விசில் பறந்தது. 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, சோழர் என்றால் யாருடைய சோழர் என்று இரண்டு படங்களையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டார்கள்.

ஒரு படம் கல்ட் ஆக அது குறையோடு இருக்க வேண்டுமா?

விநோதமான கேள்விதான். ஆனால் உம்பெர்த்தோ எக்கோ என்ற இத்தாலிய எழுத்தாளர் ‘காசாபிளாங்கா’ படத்தை வைத்து 1980-களில் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இப்படித்தான் வாதிட்டார். கச்சிதமாக ஒட்டவைத்த படத்தை மொத்தமாகத்தான் ரசிக்க முடியும். கல்ட் படத்தை உடைத்து, துண்டு துண்டாக எடுத்துப் போக முடிய வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு வசனம், ஒரு பார்வை, ஒரு காட்சி தனியாகப் பிரிந்து வந்து ரசிகனோடு வாழ ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு நம்மிடம் உலகப் புகழ் பெற்ற உதாரணமே இருக்கிறது. 2001-ல் வந்த ‘ப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு காண்ட்ராக்டர் நேசமணி. தலையில் சுத்தியல் விழும். படம் அப்போதே வெற்றிப் படம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2019 மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக்கில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்க, ஒரு தமிழர் நேசமணி கதையைச் சொல்ல, "நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்" என்று உலக அளவில் டிரெண்ட் ஆனது. 18 வருஷம் கழித்து, படத்தைவிட்டுப் பிரிந்து வந்த ஒரு சுத்தியல்!

‘குணா’வும் அப்படித்தான். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு ஒரே நாளில் வந்து பின்தங்கிய படம். கொடைக்கானலில் ‘பேயின் சமையலறை’ என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த குகைக்கு மக்கள் ‘குணா குகை’ என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். படம் பார்க்காதவர்களும் குகையைப் பார்க்கப் போனார்கள். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் அந்தக் குகையையும் அந்தப் பாட்டையும் எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டிலேயே பெரிய வெற்றி பெற்றது. ‘குணா’ வந்தபோது பிறக்காத பிள்ளைகள் தியேட்டரில் அந்தப் பாட்டுக்குக் கண் கலங்கினார்கள்.

மோசமான படங்களுக்கும் கல்ட் உண்டு. அமெரிக்காவில் 2003-ல் வந்த ‘தி ரூம்’ படத்துக்கு ரசிகர்கள் பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்துப் போய் திரையை நோக்கி வீசுகிறார்கள். நம்மில் சிலர் டி. ராஜேந்தரின் ‘வீராசாமி’யை நண்பர்களோடு உட்கார்ந்து பார்ப்பதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். இதைக் கேலி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வெறும் கேலிக்காக ஒரு படத்தை யாரும் ஐந்து தடவை பார்ப்பதில்லை.

தொலைக்காட்சிக்கு இதில் என்ன பங்கு?

நிறைய. எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற அமெரிக்கப் படம் 1946-ல் வந்து, போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். உடனே தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் வந்தால் அதை இலவசமாகப் போட ஆரம்பித்தன. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. இன்றைக்கு அது இல்லாமல் அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. ஒரு அலுவலகத் தவறு ஒரு படத்தைக் காப்பாற்றியது.

நம் நாட்டில் பி. ரம்லீ. அவருக்கு முதன்முதலில் கதாநாயகன் வேஷம் கொடுத்த ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியது எல். கிருஷ்ணன் என்ற நம் தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் கொடிகட்டிப் பறந்த ரம்லீ 1964-ல் கோலாலம்பூர் வந்தார். உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டூடியோவில் அவர் எடுத்த படங்கள் பெரும்பாலும் எடுபடவில்லை. 1973 மே 29-ஆம் தேதி, 44 வயதில், மனம் உடைந்த நிலையில் காலமானார். அவர் போன பிறகு தொலைக்காட்சி அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டது. இன்று மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று யாரைக் கேட்டாலும் ரம்லீ வசனம் ஒன்றாவது சொல்வார்கள். அந்த அன்பில் ஒரு துளிகூட அவர் உயிரோடு இருந்தபோது அந்தக் கடைசி வருஷங்களில் அவருக்குக் கிடைக்கவில்லை. கல்ட் என்பது படைத்தவனுக்குப் பெரும்பாலும் தாமதமாகவே வரும், சிலசமயம் வராமலே போகும்.

ஊர் விட்டு ஊர் போய் கல்ட் ஆகும் படங்களும் உண்டு. 1995-ல் வந்த ரஜினியின் ‘முத்து’ நமக்கு வழக்கமான ஒரு வெற்றிப் படம். 1998-ல் ஜப்பானில், ‘நடனமாடும் மகாராஜா’ என்ற பெயரில் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு திரையரங்கில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. 2006-ல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசும்போது அந்தப் படத்தைக் குறிப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஜப்பானில், நம் யாஸ்மின் அகமட்டின் கடைசிப் படமான ‘டேலன்டைம்’ (2009) எட்டு வருஷம் கழித்து, 2017-ல் திரையரங்குகளில் வெளியானது. காது கேளாத மகேஷும் மெலூரும், வீட்டில் தமிழ் பேசும் அம்மாவும். யாஸ்மின் 2009 ஜூலையிலேயே போய்விட்டார்.

மலேசியத் தமிழ்ப் படம் எதையாவது கல்ட் என்று சொல்ல முடியுமா?

இதைத்தான் பலர் கேட்பீர்கள் என்று தெரியும். முதலில் வருவது ‘ஜகாட்’.

சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய படம், 2015 டிசம்பர் 17-ல் வெளியானது. 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறி, புறம்போக்கு வீடுகளில் குடியேறிய ஒரு குடும்பம். அப்போய் என்ற 12 வயதுப் பையன், கண்டிப்பான அப்பா மணியம், குண்டர் கும்பலில் இருக்கும் மெக்சிக்கோ, போதையில் இருந்து மீண்டு வந்த பாலா. பையனுக்குக் கற்பனை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அது வேண்டாம், மனப்பாடம்தான் வேண்டும். ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல்லைத் தோட்டத்துத் தமிழன் வாயில் சொன்னால் எப்படி வருமோ, அதுதான் படத்தின் பெயர். கெட்டவன்.

கிள்ளான், பண்டமாரான், போர்ட் கிள்ளான் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லோரியில் சாமான் ஏற்றி வந்த கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அப்போய் மாதிரி ஒருத்தன் எல்லார் வகுப்பிலும் இருந்தான். அவன் இப்போது எங்கே என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் நின்றுவிடும்.

அந்தப் படம் பேசிய தமிழும் முக்கியம். சென்னைத் தமிழ் போல நடிக்காமல், மலாயும் கலந்து, நாம் மாமாக் கடையில் பேசுகிற மாதிரியே பேசியது. திரையில் நம் குரலைக் கேட்டு முதலில் சிரித்தார்கள், அப்புறம்தான் அமைதியானார்கள்.

2016-ல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா. மலாய் மொழி அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவித்தார்கள். ‘ஜகாட்’, ‘ஓலா போலா’ போன்ற படங்கள் அதில் போய் விழுந்தன. மலேசியாவில், மலேசியர்கள், மலேசியர்களைப் பற்றி எடுத்த படத்துக்கு ஏன் தனி வரிசை என்று கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் மலாய்க் கலைஞர்கள் பலர் இருந்தார்கள், விழாவைப் புறக்கணிப்பதாகவும் சொன்னார்கள். ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்ற வேண்டி வந்தது. மொழி பேதமில்லாமல் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது வந்தது, அதை வாங்கியது ‘ஜகாட்’. ஒரு தமிழ்ப் படம் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அப்படியானால் அது கல்ட்டா, கிளாசிக்கா? விருது வாங்கிய படம், பத்திரிகைகள் பாராட்டிய படம். ‘தோற்ற படம்’ என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. ஆனால் "நீ இன்னும் பார்க்கலயா?" என்ற சங்கிலி அதற்கு இன்றும் அறுபடவில்லை. அதனால் என் கணக்கில் அது கல்ட்தான். நீங்கள் மறுக்கலாம்.

சங்கிலி அறுந்த படங்களும் இருக்கின்றன. தீபக் குமரன் மேனன் 2005-ல் எடுத்த ‘செம்மண் சாலை’, ரப்பர் தோட்டத்தில் மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. 2007-ல் அவர் எடுத்த ‘சலங்கை’, பிரிக்பீல்ட்ஸில் நடக்கிறது. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்கள் வரை பேசப்பட்ட இயக்குநர். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் இன்று பூக்கடை வரிசையில் நிற்கிற இருபது வயதுப் பிள்ளையிடம் ‘சலங்கை’ என்றால், கமல்ஹாசனின் ‘சலங்கை ஒலி’யா என்றுதான் கேட்பார்.

அந்தப் படங்கள் தரத்தில் குறைந்தவை என்பதால் அல்ல. கல்ட் ஆவதற்கு ஒரு படம் முதலில் கையில் கிடைக்க வேண்டும். மறுபடி பார்க்க, கடன் கொடுக்க, பாதியில் நிறுத்தித் திரும்பப் போட.

உள்ளூர்ப் படங்களுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கணக்கைப் பாருங்கள். மலேசிய இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். அதில் தமிழ்ப் படம் பார்க்கத் தியேட்டர் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அதே வாரம் சென்னையில் இருந்து ஒரு பெரிய நட்சத்திரப் படம் வருகிறது. உள்ளூர்ப் படங்களைத் திரையரங்குகள் குறைந்தது இரண்டு வாரம் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டத்தை ஃபினாஸ் வைத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாய்வழிப் பேச்சு பரவ இரண்டு வாரம் போதாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, ஆபீஸ் நண்பர் சொல்லி, நீங்கள் டிக்கெட் எடுக்கப் போகும்போது படம் தூக்கப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் தோற்ற படத்துக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. தொலைக்காட்சி, யூடியூப், ஓடிடி, பிறகு 4கே மறுவெளியீடு. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வந்து கூட்டத்தை அள்ளிய பிறகு அது ஒரு தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. சென்னை அண்ணா நகரில் ஒரு திரையரங்கம் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வை ஆயிரம் நாளுக்கு மேல் ஓட்டியிருக்கிறது. இங்கே அந்தப் பாதை குறுகியது. ஓடிடியிலும் உரிமக் காலம் முடிந்தால் படம் சத்தமில்லாமல் காணாமல் போகும், யாரும் அறிவிப்பு கொடுப்பதில்லை.

பணமும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. உரிமையை மொத்தமாக விற்ற தயாரிப்பாளருக்கு, அவர் படத்தில் இருந்து பத்தாயிரம் மீம் வந்தாலும் ஒரு காசு வராது. நாங்கள் பாசார் மாலாமில் வாங்கிய அந்த மூன்று டிஸ்க்கில் இருந்து ‘அன்பே சிவம்’ எடுத்தவர்களுக்கு ஒரு சென் கூடப் போயிருக்காது. அந்தத் திருட்டு விசிடிதான் என்னை அந்தப் படத்தின் ரசிகனாக்கியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் உள்ளூர்த் தமிழ்ப் பட டிஸ்க் இருந்தால் என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். 2000-களில் வந்த உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் பலவும் விசிடி, டிவிடியாகத்தான் வீடுகளுக்குப் போயின. டிஸ்க்குக்கு ஆயுள் உண்டு. வெயில், ஈரம், கீறல் மூன்றும் எதிரி. நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு அரித்து, சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசி முனை அளவு புள்ளிகள் மின்னும். அந்தக் கட்டத்துக்குப் போவதற்கு முன்பே, இன்னும் ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் செருகி வைக்காமல், பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மேற்பரப்பில் பேனாவால் எழுதவோ லேபிள் ஒட்டவோ வேண்டாம். படத்தின் இயக்குநரோ தயாரிப்பாளரோ யாரென்று உறையில் இருக்கும். அவர்களில் சிலரிடமே சொந்தப் படத்தின் நல்ல பிரதி இல்லாமல் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

‘சலங்கை’யில் வருவது 2007-ல் இருந்த பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் ‘லிட்டில் இந்தியா’ வளைவும் வண்ணத் தூண்களும் வந்த பிறகு அந்தத் தெரு வேறு தெருவாகிவிட்டது. பழைய கடை முகப்புகளும் அந்த நடைபாதையும் அந்தப் படத்துக்குள்தான் இருக்கின்றன.

பண்டமாரான் வீட்டில் அப்பா இன்னும் அந்த விசிடி ப்ளேயரை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு மூன்றாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம். அதே இடத்தில் நின்றது.